வராதவர்களையும் எண்ண வேண்டிய தொகுதி

நான் வேலையில் இருந்த காலத்தில், ஊர்காவற்றுறைத் தொகுதியின் தேர்தல் யூன் மாதம் முதலாந் திகதி தொடங்கிவிடும் என்று சொன்னால், புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகள் என் முகத்தைப் பார்ப்பார்கள். தேர்தலே அறிவிக்கவில்லையே என்பது அவர்களின் யோசனை. அப்போது அந்தத் திகதியில் யார் எந்த வீட்டில் வதிந்தாரோ அவருடைய பெயர்தான் அந்த வருட வாக்காளர் இடாப்பில் ஏறியது. விதானையார் பி.சி. படிவத்தோடு வீடு வீடாகப் போவதும், படிவங்கள் கட்டுக்கட்டாக எங்கள் மேசைக்கு வருவதும், சேர்த்ததும் வெட்டியதுமாகச் சிவப்பு மையில் கோடு விழுவதும் ஒரு சுவரொட்டிகூட ஒட்டப்படாத காலத்தில் நடப்பவை. மேடையில் பேசுகிறவர்கள் தேர்தலின் கடைசிப் பத்து நாளைத்தான் பார்க்கிறார்கள். நான் எழுதுவினைஞனாக இருந்து பார்த்தது மற்றப் பகுதியை.

கரம்பொன் என்றால் வெளியூரவர்களுக்குத் தனிநாயகம் அடிகளார் பிறந்த ஊர். தேர்தல் வேலை பார்த்த எனக்கு அது வ. நவரத்தினம் ஐயாவின் ஊரும்கூட. 1963இல் வீ. ஏ. கந்தையா காலமானதும் வந்த இடைத்தேர்தலில் தமிழரசுக் கட்சி அவரை நிறுத்தியது. அப்போது நான் சண்முகநாத வித்தியாலயத்தில் படித்துக்கொண்டிருந்தேன். தேர்தல் என்றொன்று இருப்பதையே அந்த வருடந்தான் அறிந்தேன். ஊரில் வீட்டுச் சின்னம் இல்லாத மதில் இல்லை. அவர் வென்றார், 1965இலும் வென்றார். பிறகு 1968இல் ஆட்களைப் பதிவு செய்யும் சட்டம், அதாவது தேசிய அடையாள அட்டைக்கான சட்டம், பாராளுமன்றத்துக்கு வந்தது. அது தமிழருக்கு எதிராகத் திரும்பும் என்று எதிர்த்து நின்றார். அதில் கட்சியோடு முரண்பட்டு வெளியேற்றப்பட்டார். தமிழர் சுயாட்சிக் கழகத்தைத் தொடங்கி 1970இல் சொந்தத் தொகுதியில் நின்றபோது, தமிழரசுக் கட்சியின் பண்டிதர் கா. பொ. இரத்தினத்திடம் தோற்றார்.

அந்தத் தோல்வியின் போது எனக்கு வாக்கு இல்லை, கருத்து இருந்தது. ஊர்ப் பற்றில் அவருக்காக வருந்தினேன். பின்னாளில் பண்ணைப் பாலத்துச் சோதனைச் சாவடியில் பஸ்ஸால் இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி வரிசையில் நடந்த ஒவ்வொரு காலையும் அவர் பேசியது நினைவுக்கு வரும். அதே அட்டையோ ஏற்கப்பட்ட வேறோர் அடையாள ஆவணமோ இல்லாமல் இன்று வாக்குச் சாவடியில் வாக்கில்லை. போர் முடிந்த பிறகு வந்த தேர்தல்களில், அட்டை இல்லாத முதியவர்களுக்குத் தற்காலிக அடையாளப் பத்திரம் எடுத்துக் கொடுக்க நாங்களே ஓடித்திரிந்தோம். ஆள்மாறாட்டத்தைத் தடுக்க அதைவிட நல்ல வழி இல்லை என்பதையும் கண்டேன். இரண்டையும் கண்ட ஒருவனாகச் சொல்கிறேன்: அவர் பயந்ததில் நியாயம் இருந்தது, அட்டையிலும் பயன் இருந்தது.

நான் வேலைக்குச் சேர்ந்தது 1975இல், ஊர்காவற்றுறை உதவி அரசாங்க அதிபர் பணிமனையில். அங்கிருந்த மூத்த எழுதுவினைஞர் ஒருவர்தான் எனக்குத் தொகுதியின் பழைய கதையைச் சொல்லித் தந்தவர். 1931இல் டொனமூர் அரசியலமைப்போடு இருபத்தொரு வயது வந்த எல்லாருக்கும் வாக்குரிமை வந்தது. ஆசியாவிலேயே முன்னோடியான ஏற்பாடு அது. ஆனால் முழுச் சுயராச்சியம் தராத அரசியலமைப்பு வேண்டாமென்று யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் பகிஷ்கரிப்புக்கு அழைத்தது. யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் தேர்தல் நடக்கவில்லை. ஆக, வாக்குரிமை கிடைத்த முதல் தேர்தலில் எங்கள் தீவுகளில் ஒரு பெட்டிகூட வைக்கவில்லை. 1934இல்தான் இடைத்தேர்தல் மூலம் நெவின்ஸ் செல்வதுரை அரசாங்க சபைக்குப் போனார். 1936இல் வேலணையைச் சேர்ந்த வைத்திலிங்கம் துரைசுவாமி தெரிவாகி, 1947 வரை சபையின் சபாநாயகராகவே இருந்தார். பகிஷ்கரித்த தொகுதி ஐந்தே வருடத்தில் சபாநாயகரைக் கொடுத்தது என்று அந்த மூத்தவர் பெருமையோடு சொல்வார். 1947இலும் 1952இலும் அல்பிரட் தம்பிஐயா, 1956இலிருந்து கந்தையா என்று வரிசையை ஒப்பித்துவிட்டு, “உந்த வரிசையில வெண்டவையின்ர பேர் மட்டுந்தான் கிடக்கு, தம்பி. ஒருத்தரும் வாக்குப் போடாத வருசத்தையும் ஞாபகத்தில வைச்சிரும்” என்பார். அவர் ஏன் அதை அப்படி அழுத்திச் சொன்னார் என்பது எனக்கு விளங்கப் பல வருடம் எடுத்தது.

1977 யூலை 21 தான் நான் வாக்குச் சாவடியில் இருந்த முதல் தேர்தல். எனக்குக் கிடைத்தது நெடுந்தீவு. யூலை என்றால் சோளகம் உச்சத்தில் நிற்கும் காலம். நிலத்துத் தொகுதிகளில் வேலை செய்கிற அலுவலர்கள் வாக்குச்சீட்டுக் கட்டையும் பெட்டியையும் பஸ்ஸில் ஏற்றினால் மத்தியானம் சாவடியில் இருப்பார்கள். எங்களுக்கு முதல்நாள் விடியவே குறிகட்டுவானுக்குப் போய், லோஞ்சில் பெட்டியை இறக்கி, படங்கு போட்டுக் கட்டி, வாக்குச்சீட்டுப் பொதியை மடியில் வைத்துக்கொண்டு இருக்க வேண்டும். அலை அடித்தால் முதலில் நனைவது எங்கள் முதுகாக இருக்க வேண்டும், பொதியாக இருக்கக் கூடாது என்பது பொறுப்பாளரின் கட்டளை. அவர் தலைமை ஆசிரியர். கடலில் பெட்டி விழுந்தால் கூடவே தானும் குதிப்பேன் என்று சொல்லக்கூடிய மனிதர், அதைச் சிரிக்காமல் சொல்லக்கூடியவரும்.

நெடுந்தீவில் ஒரு பாடசாலைக் கட்டடத்தில் தங்கினோம். ஊர்ச் சனம் ஒடியற் கூழ் காய்ச்சிக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு நின்றது. பசியோ பொல்லாத பசி. பொறுப்பாளர் கும்பிட்டுத் திருப்பி அனுப்பினார். கூழ் தந்த கை எந்தக் கட்சிக்காரரின் கை என்று நாளைக்கு ஒருவர் கேட்டால் எங்களிடம் பதில் இருக்காது என்றார். பாணும் சம்பலும் சாப்பிட்டுவிட்டுப் படுத்தோம். வாக்கெடுப்பு அலுவலர் வேட்பாளரின் ஆட்களிடம் ஒன்றும் வாங்கக் கூடாது என்பது சட்டத்தில் இருக்கிறது. ஒரு சிறு தீவில், எல்லாரும் எல்லாருக்கும் உறவாக இருக்கிற இடத்தில், அந்தச் சட்டத்தைக் கடைப்பிடிப்பது எவ்வளவு கடினம் என்பதை அந்தக் கூழ்ப் பானை எனக்குக் காட்டியது.

அன்று பகல் நடந்ததை இன்னும் அப்படியே சொல்ல முடியும். இருபது வருடமாகத் தீவுச் சனத்துக்குத் தெரிந்த தமிழரசுக் கட்சிச் சின்னம் வீடு. 1976இல் தமிழர் விடுதலைக் கூட்டணி உருவாகி, அடுத்த வருடம் உதயசூரியன் சின்னத்தில் நின்றது. கூட்டங்களில் ஆயிரந்தரம் சொல்லியிருந்தும் வயதானவர்களில் சிலர் மறைப்புக்குள் போய் நின்று வீட்டைத் தேடினார்கள். ஒரு ஆச்சி சீட்டோடு வெளியே எட்டிப் பார்த்து, “தம்பி, வீட்டைக் காணேல்லை, எங்கையடாப்பா வைச்சிருக்கிறியள்?” என்றார். முகவர்கள் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பொறுப்பாளர் ஒரு வார்த்தை கூடுதலாகச் சொன்னாலும் அது பிரசாரம் ஆகிவிடும். “ஆச்சி, சீட்டில இருக்கிறதுக்குள்ள உங்களுக்கு விருப்பமானதுக்கு நேர புள்ளடி போடுங்கோ” என்று மட்டும் சொன்னார். அவர் திரும்ப உள்ளே போய் நெடுநேரம் நின்றுவிட்டு வந்தார். எதற்குப் போட்டார் என்பது எங்களுக்குத் தெரியாது, தெரியக் கூடாது. 2001இல் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு முதல்முதலாக நின்றபோது சூரியன்தான் சின்னம். கூட்டணிக்குள் பிரச்சினை வந்ததும் 2004இல் வீட்டுக்கே திரும்பினார்கள். அந்த வருடம் பேரப்பிள்ளைகள் சூரியனைத் தேட, கிழவிகள் நேரே போய்ப் புள்ளடி போட்டுவிட்டு வந்தார்கள்.

1977இல் கூட்டணி வடமாகாணத்தின் பதினான்கு தொகுதிகளையும் வென்றது. ஊர்காவற்றுறையில் கா. பொ. இரத்தினம் ஐயா மறுபடி வென்றார். ஊர்காவற்றுறை என்ற பெயரில் ஒருவர் பாராளுமன்றத்துக்குப் போன கடைசித் தேர்தல் அதுவே. 1978 அரசியலமைப்பு விகிதாசார முறையைக் கொண்டுவந்தது. கிளிநொச்சியையும் சேர்த்து யாழ்ப்பாணம் ஒரே தேர்தல் மாவட்டமானது. பழைய தொகுதிகள் எண்ணுவதற்கும் அறிவிப்பதற்குமான பிரிவுகளாக நின்றன. வானொலியில் இன்றும் “ஊர்காவற்றுறைத் தேர்தல் தொகுதி” என்று வாசிப்பதைக் கேட்டு, அங்கே ஒருவர் தெரிவாகிறார் என்று நினைக்கிற இளைஞர்கள் இருக்கிறார்கள். தெரிவாவதில்லை. தீவுகளின் வாக்கு யாழ்ப்பாணத்துப் பெரிய கணக்குக்குள் போய்க் கரைகிறது. வள்ளத்துக்கு எரிபொருள் இல்லை, நயினாதீவு இறங்குதுறை உடைந்துவிட்டது, அனலைதீவில் வைத்தியர் இல்லை என்று சொல்லிப் போய் நிற்க முன்னர் ஒரு வீட்டு வாசல் இருந்தது. விகிதாசாரம் சிறிய கட்சிகளுக்கு நீதி செய்தது என்பதை மறுக்கமாட்டேன். தீவுகளுக்கு அது நட்டமாகத்தான் முடிந்தது.

அடுத்து வந்தவை நான் விரும்பி நினைக்காத தேர்தல்கள். 1981 யூன் 4, மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல். யாழ்ப்பாண நூலகம் எரிந்து நாலு நாள்கூட ஆகவில்லை. கடைசி நேரத்தில் உள்ளூர் அலுவலர்கள் பலரின் நியமனம் மாற்றப்பட்டு, தெற்கிலிருந்து வந்தவர்கள் சாவடிகளில் இருத்தப்பட்டார்கள். சில பெட்டிகள் காணாமற் போயின. அப்படியிருந்தும் பத்து ஆசனங்களும் கூட்டணிக்கே போயின. 1982 டிசம்பர் 22இல் சர்வசன வாக்கெடுப்பு. பாராளுமன்றத்தின் ஆயுளை நீடிக்கச் சம்மதமானால் விளக்கு, இல்லையானால் குடம். வாடைக் காற்றும் மழையுமாக இருந்த நாள். யாழ்ப்பாண மாவட்டத்தில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் குடத்துக்கு விழுந்தது. நாடு முழுவதிலும் விளக்கு வென்றது. பாராளுமன்றத்தின் ஆயுள் 1989 வரை நீடிக்கப்பட்டது. அதற்கு முன்பே, 1983 ஓகஸ்ட்டில் வந்த ஆறாம் திருத்தத்தின் சத்தியத்தைச் செய்ய மறுத்த கூட்டணி உறுப்பினர்கள் ஆசனங்களை இழந்திருந்தார்கள். வேண்டாமென்று வாக்களித்த பாராளுமன்றம் நீடித்தது, அதில் எங்களுக்கு ஆளும் இல்லை. 1977இல் பதினேழு வயதாக இருந்த ஒரு பிள்ளை தன் முதல் பாராளுமன்ற வாக்கைப் போடும்போது இருபத்தொன்பது வயது.

1985 மே 15இல் குமுதினிப் படகில் நெடுந்தீவுப் பயணிகள் கடலில் வைத்துக் கொல்லப்பட்டார்கள். அடுத்த மாதம் இடாப்புத் திருத்தம். நெடுந்தீவுப் பக்கங்களில் இறந்தோர் நிரலை எழுதிக்கொண்டிருந்தபோது, அந்தப் பெயர்கள் எனக்குத் தெரிந்திருந்தன. சிலர் 1977இல் என் முன்னால் விரல் நீட்டி மை பூசிக்கொண்டவர்கள். இடாப்பு என்பது வெறும் தாள் அல்ல என்று அலுவலகத்தில் பேசுவதற்கு முன், அன்றைக்கு அந்தச் சிவப்புக் கோடுகளைப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

1989 பெப்ரவரியில் இந்திய இராணுவம் நிற்கும்போது தேர்தல் நடந்தது. ஈரோஸ் நிறுத்திய சுயேச்சைக் குழு யாழ்ப்பாணத்தின் பதினொரு ஆசனங்களில் எட்டை எடுத்தது. அதற்குப் பிறகு தீவுகள் காலியாகத் தொடங்கின. 1990 ஓகஸ்ட்டிலும் 1991 ஒக்டோபரிலும் இராணுவம் தீவுகளுக்குள் இறங்கியது. வேலணை, சரவணை, நாரந்தனை, கரம்பொன், புங்குடுதீவு என்று ஊர் ஊராகச் சனம் எழுந்து போனது. நானும் குடும்பத்தோடு குடாநாட்டுப் பக்கம் போய்ச் சேர்ந்தேன். தீவுகள் அரசாங்கத்தின் கையில், குடாநாடு புலிகளின் கையில்.

1994 ஓகஸ்ட் 16இல் பாராளுமன்றத் தேர்தல். யாழ்ப்பாண மாவட்டத்தின் இடாப்பில் ஏறத்தாழ ஆறு இலட்சம் பெயர். வாக்குச் சாவடி வைக்க முடிந்த இடம் பெரும்பாலும் எங்கள் தீவுகள். மாவட்டம் முழுவதிலும் வாக்களித்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேருக்கும் குறைவு. ஈ.பி.டி.பி.யின் சுயேச்சைக் குழுவுக்கு 10,744 வாக்குகள், ஒன்பது ஆசனங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து 1990இல் வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் இருந்த முஸ்லிம் மக்களின் வாக்கில் முஸ்லிம் காங்கிரசுக்கு ஒன்று. வாக்களித்தவர்கள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அது அவர்களின் உரிமை. நான் இந்தக் கணக்கைச் சொல்வது வேறொன்றுக்காக. ஒரு மாவட்டத்துக்கு எத்தனை ஆசனம் என்பதை இடாப்பிலுள்ள பெயர்கள் தீர்மானிக்கின்றன. அந்த ஆசனத்தில் யார் இருப்பது என்பதைச் சாவடிக்கு வரக்கூடியவர்கள் தீர்மானிக்கிறார்கள். ஆறு இலட்சம் பெயர் பத்து ஆசனத்தைக் கொண்டுவந்து வைத்தது. பதின்மூவாயிரத்துச் சொச்சம் பேர் அதை நிரப்பினார்கள். அன்று என் பெயரும் கரம்பொன் பட்டியலில் இருந்தது. நான் கடலுக்கு இக்கரையில் இருந்து வானொலி கேட்டேன். மூத்த எழுதுவினைஞர் சொல்லித் தந்தது அந்த இரவில்தான் முழுதாக விளங்கியது.

1996இல் திரும்பிவந்து மறுபடி வேலை. அப்போது உதவி அரசாங்க அதிபர் பணிமனை பிரதேச செயலகம் ஆகியிருந்தது. திரும்பிவந்தவர்கள் கொஞ்சம், வராதவர்கள் அதிகம். திருத்தம் செய்ய முடியாத பகுதிகளுக்குப் பழைய இடாப்பே மறுபடி அத்தாட்சிப்படுத்தப்பட்டது. அதனால் ரொறன்ரோவிலும் பாரிசிலும் குடியேறிப் பிள்ளை பெற்றுப் பெயர்த்தி கண்டவர்கள் புங்குடுதீவில் வாக்காளராகவே இருந்தார்கள். இறந்தவர்களும் இருந்தார்கள். இப்படிப்பட்ட இடாப்பு கள்ள வாக்குக்குத் திறந்துவிட்ட படலை. பிற்பகலில் வந்து தன் பெயருக்கு யாரோ ஏற்கெனவே வாக்களித்துவிட்டதை அறிந்து நிற்கும் மனிதனின் முகத்தை நான் பல தேர்தல்களில் பார்த்திருக்கிறேன். சட்டப்படி அவருக்கு வேறொரு சீட்டைக் கொடுத்து, தனி உறையில் வைத்து, குறிப்பெழுதுவோம். அது சாதாரண எண்ணிக்கையில் சேராது. அவருக்கு இதைச் சொன்னால் “அப்ப என்ர வாக்கு எங்க, ஐயா?” என்று கேட்பார்.

அந்தக் காலத்தில் தீவுகளில் வேட்பாளர் பிரசாரத்துக்கு வருவதே உயிரோடு விளையாடுகிற காரியம். 2001 நவம்பர் 28இல் கூட்டமைப்பினர் வந்த வாகனத் தொடரை நாரந்தனையில் மறித்துத் தாக்கினார்கள். இருவர் இறந்தார்கள், பலர் காயப்பட்டார்கள். யாழ்ப்பாண மேல் நீதிமன்றம் அதற்குத் தீர்ப்புச் சொன்னது பதினைந்து வருடங்களுக்குப் பிறகு. தாக்குதல் நடந்து ஒரு வாரம் கழித்து நாங்கள் அதே வீதியால் பெட்டி கொண்டுபோனோம். வாக்குச் சாவடிக்குப் பாதுகாப்பு என்பது வாசலில் நிற்கிற பொலிஸ்காரர் மட்டுமல்ல. ஒரு வாரத்துக்கு முன் என்ன நடந்தது என்பதைச் சனம் நினைவில் வைத்துக்கொண்டுதான் வீட்டுப் படலையைத் திறக்கிறது.

2005 நவம்பர் 17, ஜனாதிபதித் தேர்தல். எனக்கு யாழ்ப்பாண நகரப் பக்கத்தில் ஒரு சாவடி. புலிகளின் பகிஷ்கரிப்பு. காலையில் வெறும் பெட்டியை முகவருக்குக் காட்டி, அரக்கு வைத்து, மைப் போத்தலைத் திறந்து வைத்தோம். பின்னேரம் வரை எங்கள் மேசையில் ஒரு சீட்டும் கிழியவில்லை. மாவட்டத்தில் ஏழு இலட்சத்துக்கு மேற்பட்ட பெயர். வாக்களித்தவர் நூற்றுக்கு ஒன்றேகால்கூட இல்லை. நாட்டில் வென்றவருக்கும் தோற்றவருக்கும் இடையிலான வித்தியாசம் ஏறத்தாழ ஒரு இலட்சத்து எண்பதாயிரம். சாவடியை மூடும்போது கணக்குப் படிவத்தை வழமைபோல நிரப்பினோம். கிடைத்த சீட்டு இத்தனை, கொடுத்தது பூச்சியம், மிச்சம் இத்தனை. என்னோடு இருந்த இளம் ஆசிரியை ஒருவர், “ஒருத்தரும் வராததுக்கு ஏன் சேர் இவ்வளவு கவனமா எழுதுறம்?” என்று கேட்டார். வராததுக்கும் ஒரு கணக்கு இருக்க வேண்டும், பிள்ளை, என்றேன். 1931இல் ஊர்காவற்றுறை விரும்பி வாக்களிக்காமல் இருந்தது. 1994இல் வாக்களிக்க முடியாமல் இருந்தது. 2005இல் எது விருப்பம், எது பயம் என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. வெறும் விகிதத்தை வைத்து இந்த மூன்றையும் ஒன்றாக்கி எழுதுகிற ஆய்வாளர்களோடு எனக்குக் கோபம் உண்டு.

என் வேலைக்காலத்தில் ஆகக் கடினமானது போர் முடிந்த பிறகு வந்த இடாப்புத் திருத்தம். 2010இல் மாவட்ட இடாப்பில் 7,21,359 பெயர். மேலிடம் இம்முறை உண்மையான வதிவிடத்தைப் பார்த்து எழுதச் சொன்னது. விதானைமாரோடு நாங்களும் இறங்கினோம். சரவணையில் ஒரு வீடு. ஒரு தாய் தனியே இருக்கிறார். இடாப்பில் அந்த வீட்டுக்கு ஏழு பெயர். மற்ற ஆறு பேரும் எங்கே என்று கேட்டால் அவருக்கு என்ன கேட்கிறேன் என்பது உடனே விளங்கிவிட்டது. “தம்பி, நீர் அரசாங்கத்து ஆள், எழுத வேண்டியதை எழுதும். ஆனா பேரை வெட்டிப் போடாதேயும். அவங்கள் வருவாங்கள். பேரும் இல்லையெண்டா எதுக்கு வாறது?” ஒருவர் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பெயருக்கு மரணச் சான்றிதழும் இல்லை, இருக்கிற இடமும் தெரியாது. காணாமற் போனவரின் பெயருக்கு நேரே எந்தக் குறியீட்டை எழுதுவது என்று படிவத்தில் இடமில்லை.

சட்டம் வழமையான வதிவிடத்தைத்தான் கேட்கிறது. வெளிநாட்டில் குடியேறியவரின் பெயர் அங்கே இருக்கக் கூடாது. இருந்தால் அதை வேறொருவர் பாவிப்பார். நான் வெட்டினேன். சரியென்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் வெட்டிய ஒவ்வொரு பெயரும் மாவட்டத்தின் ஆசனக் கணக்கிலிருந்தும் கழிந்தது. 2015இல் இடாப்பில் 5,29,239 பெயர். 1989இல் பதினொன்றாக இருந்த ஆசனங்கள் 2010இல் ஒன்பதாக நின்று, 2015இல் ஏழாகி, 2024இல் ஆறாகின. குண்டு விழுந்ததையும் சனம் கடல் கடந்ததையும் ஆயிரம் புத்தகத்தில் எழுதிவிட்டார்கள். அதன் அரசியல் விலை என்ன என்பது இந்த இலக்கங்களில் இருக்கிறது. நாட்டுக்குள் இடம்பெயர்ந்தவர்கள் பழைய முகவரியிலேயே பதிந்துகொள்ள 2013இல் ஒரு விசேட சட்டம் வந்தது நல்ல காரியம். அதை நாங்கள் அறிவித்த அளவுக்குச் சனம் பாவிக்கவில்லை. அகதி முகாமிலும் உறவினர் வீட்டிலும் இருப்பவரிடம் படிவம் போய்ச் சேருவதே பெரிய பாடு.

2013 செப்டெம்பர் 21இல் நடந்த வடமாகாண சபைத் தேர்தல்தான் நான் அலுவலராக இருந்த கடைசித் தேர்தல். யாழ்ப்பாணத்தில் வாக்களிப்பு அறுபது வீதத்தைத் தாண்டியது. எட்டு வருடத்துக்கு முன் மைப் போத்தல் காய்ந்த அதே மாவட்டத்தில் காலையிலேயே வரிசை வளவுக்கு வெளியே நின்றது. இடாப்பு சுருங்கியிருந்தது, ஆனால் அதிலுள்ள பெயர்கள் பெரும்பாலும் மூச்சு விடுகிற மனிதர்களின் பெயர்கள். அன்றைக்குத்தான் என் சிவப்புக் கோடுகள் மேல் எனக்குக் கொஞ்சம் சமாதானம் வந்தது.

ஓய்வுக்குப் பிறகும் கவனித்துக்கொண்டிருக்கிறேன். 2018 உள்ளூராட்சித் தேர்தலில் வட்டார முறை திரும்ப வந்தது. வாக்கை வட்டாரத்திலேயே எண்ணினார்கள். சோளகத்திலும் வாடையிலும் பெட்டியோடு கடல் கடந்தவனுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் எழுவைதீவு போன்ற சின்ன இடத்தில், ஒரு கைப்பிடிச் சனம் உள்ள ஊரில், எண்ணி முடித்ததும் யார் எந்தப் பக்கம் என்பதை ஊர் ஊகித்துவிடும். பல பெட்டிகளின் சீட்டுகளைக் கலந்து எண்ணுகிற வழமை இரகசியத்துக்காக வந்தது. தீவுகளுக்கு அந்தக் கலப்பு அவசியம் என்றே சொல்வேன். 1977இல் கையளவாக இருந்த வாக்குச்சீட்டு, முப்பத்தைந்து பேர் நின்ற 2019 ஜனாதிபதித் தேர்தலில் இருபத்தாறு அங்குலம். வயதானவர்கள் அதை மடிக்கவே திண்டாடினார்கள். கண் தெரியாதவர்களுக்கு முன்னர் நாங்களே காதைக் கொடுத்துக் கேட்டுப் புள்ளடி போட்டோம். 2011இன் சட்டத்துக்குப் பிறகு தனக்கு நம்பிக்கையான ஒருவரைக் கூட்டிவரலாம். அது சரியான மாற்றம்.

2024 நவம்பர் 14இல் யாழ்ப்பாணத்தின் ஆறு ஆசனங்களில் மூன்று தேசிய மக்கள் சக்திக்குப் போயின. தமிழரசுக் கட்சிக்கு ஒன்று, சைக்கிள் சின்னத்தில் நின்ற கட்சிக்கு ஒன்று, சுயேச்சைக் குழுவுக்கு ஒன்று. 1994இல் தீவுகளின் வாக்கோடு பாராளுமன்றம் போய், முப்பது வருடம் அங்கேயே இருந்த ஈ.பி.டி.பி.யின் டக்ளஸ் தேவானந்தா ஆசனத்தை இழந்தார். கொழும்பில் தலைமையிருக்கும் ஒரு கட்சி யாழ்ப்பாணத்தில் முதலிடம் பிடிப்பது என் காலத்தில் நினைத்தும் பார்க்காதது. இதற்கு ஆயிரம் விளக்கம் சொல்கிறார்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். இடாப்பின் வயது மாறிவிட்டது. போரை நினைவில் வைத்திருக்கிறவர்களின் பெயர்கள் மேலே மேலே வெட்டுப்பட, போருக்குப் பின் வளர்ந்தவர்களின் பெயர்கள் கீழே சேர்ந்துகொண்டிருக்கின்றன. எவரும் அவர்களை வாக்காளராக எண்ணி ஒரு மேடை போடவில்லை.

இப்போது யூன் முதலாந் திகதி இல்லை, பெப்ரவரி முதலாந் திகதிதான் கணக்கு. 2021இன் திருத்தச் சட்டம் அதை மாற்றியது. அதற்குப் பிறகு வருடத்தின் நடுவில் பதினெட்டு வயது நிறைகிறவர்களுக்குத் துணை இடாப்பும் உண்டு. சில மாதங்களுக்கு முன் எங்கள் கிராம அலுவலர் படிவத்தோடு வந்தார். இளம் பிள்ளை, வேலைக்கு வந்து இரண்டு வருடம் இருக்கும். என் வீட்டுப் படிவத்தைத் தந்துவிட்டு, எதிர் வீடு பூட்டியிருப்பதைப் பார்த்து, “இதுக்கு ஆள் இல்லையெண்டு எழுதட்டோ, ஐயா?” என்றார். பொறும் என்றேன். அந்த வீட்டு மூத்த மகன் போன வருடம் திரும்பிவந்து வேலணையில் வாடகைக்கு இருக்கிறான், மனைவியும் இரண்டு பிள்ளைகளும் கூட. மூத்த பிள்ளைக்கு ஆவணியில் பதினெட்டு. வீட்டைத் திருத்தி முடிய இங்கே வருவார்கள். அவனுடைய தொலைபேசி இலக்கத்தை எழுதிக் கொடுத்தேன். அவர் படலையடியில் நின்றே அழைத்துப் பேசினார், வேலணை விதானையின் பெயரைக் குறித்துக்கொண்டார், பிறகு அடுத்த வளவுக்குப் போனார்.